மும்பையில் மூன்று நாள்கள்

மோதி பாக் என்னும் பெயருக்கு முத்துத் தோட்டம் என்று பொருள். தலைநகர் தில்லியின் தென்மேற்கில், ரிங் ரோட்டை ஒட்டி அமைந்துள்ள இந்தப் பகுதியில் வேப்ப மரங்கள் உண்டு. அரசு ஊழியர் குடியிருப்புகள் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் உண்டு. முத்து விளையும் கடல் மட்டும் எந்தத் திசையில் சென்றாலும் வெகு தொலைவில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகளாக இங்கே வாழ்பவனுக்கு இந்தப் பெயர் சில மாலை வேளைகளில் சற்றே கேலி போலத் தோன்றும்.

கடலைக் காணும் வாய்ப்பு கடந்த ஜனவரியில் கிட்டியது. ஆனால் அது முற்றிலும் சுற்றுலா அன்று. எங்கள் ஒரே மகள் நான்கு ஆண்டுகளாக மும்பையில் பணிபுரிகிறாள். வேறு இரு பெண்களுடன் சேர்ந்து வாடகை வீட்டில் வசிக்கிறாள். செம்பூரில் ஒரு படுக்கையறை கொண்ட வீடு விலைக்கு வந்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் டோக்கன் அட்வான்ஸ் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால்தான் அது நிற்கும் என்றும் தரகர் அவளிடம் கூறியிருந்தார். எனக்கோ பணி ஓய்வுக்கு இன்னும் ஓராண்டுதான். ஓய்வு பெற்ற சில மாதங்களில் மோதி பாக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மாதந்தோறும் சம்பளத்தில் சிறு தொகையாகப் பிடிக்கப்படும் உரிமக் கட்டணத்தில் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டதால், வீடு என்பதன் உண்மையான விலையை நாங்கள் அறிந்தவர்கள் அல்லர். வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டு வைத்த தொகை ஒன்று உண்டு. ஊரில் ஒரு சிறு வீடு கட்டிக்கொள்வதற்காகச் சேர்த்தது அது. அதை முறிக்கலாமா என்ற கேள்வியுடன்தான் நானும் மனைவியும் புறப்பட்டோம்.

மோதி பாக்கிலிருந்து மும்பை செல்வது எளிது. மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறினால் இடையில் மாறாமலேயே நிஜாமுதீன் ரயில் நிலையத்தை அடைந்துவிடலாம். எங்கள் மெட்ரோ நிலையத்துக்குப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் தம் பணியைத் தொடங்கியது பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் என்பது பயணத்துக்குப் பொருத்தமாகவே அமைந்தது. நிஜாமுதீனிலிருந்து மாலையில் புறப்படும் ஆகஸ்ட் கிராந்தி ராஜதானி விரைவு ரயில், ஏறக்குறைய 1,380 கிலோமீட்டரைக் கடந்து மறுநாள் காலை மும்பை சென்ட்ரலை அடைகிறது. 1942 ஆகஸ்ட் 8 அன்று ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய மும்பை மைதானத்தின் நினைவாக வந்த பெயர் அது. ராஜதானி ரயில்களில் இருக்கைகள் நிரம்ப நிரம்பக் கட்டணம் படிப்படியாக உயரும். முன்கூட்டியே பதிவு செய்வோருக்கு அதனால் கணிசமான தொகை மிச்சமாகும்.

மும்பையில் மிச்சம் என்ற சொல்லை அத்துடன் மறந்துவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தோம். மகளின் வீட்டில் மூவருக்கே இடம் போதாது. ஆகவே கோட்டைப் பகுதியில் ஓர் எளிய விடுதியில் அறை எடுத்தோம். ஓரிரவுக்கு 6,500 ரூபாய். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். “கடல் தெரியும் அறை உண்டா?” என்று மனைவி கேட்டார். உண்டு என்றார் விடுதிக்காரர்; அதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் சுவரே போதும் என்று முடிவு செய்தோம். நாகையில் கடலைப் பார்ப்பதற்கு யாரும் விலை சொன்னதில்லை.

ஆனால் அறையை விட்டு வெளியே வந்ததும் கணக்கு மாறியது. தென்மும்பையில் ஆட்டோக்கள் கிடையாது. கறுப்பும் மஞ்சளுமான டாக்சிகளும் ‘பெஸ்ட்’ பேருந்துகளும்தாம். மீட்டர் போட்டே டாக்சி ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய். பேருந்தில் 10 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. புறநகர் ரயிலில் இன்றும் ஐந்து ரூபாய்ச் சீட்டு உண்டு. தலைக்கு மேல் கூரை வேண்டுமென்றால் மட்டுமே இந்த நகரம் கையை விரிக்கிறது. மற்றபடி, நடக்கவும் பார்க்கவும் ஏறி இறங்கவும் தில்லியைவிட அதிகம் கேட்பதில்லை.

முதல் நாள் முழுவதும் கோட்டைப் பகுதியில் நடந்தோம். இன்று ஒரு சதுர அடிக்கு இத்தனை ஆயிரம் என்று விலை பேசப்படும் இந்த நிலத்தின் பழைய வாடகைச் சீட்டு விந்தையானது. 1661-இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் நடந்த திருமண உடன்படிக்கையில் பம்பாய் சீதனமாகச் சென்றது. பராமரிப்பது செலவு என்று கண்ட மன்னர், 1668-இல் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு விட்டார். அப்போது அது ஒரே நிலப்பரப்பாகக்கூட இல்லை, ஏழு தீவுகள். இடையிலிருந்த கடலைச் சிறிது சிறிதாகத் தூர்த்துத்தான் ஊர் உருவானது. ஆகவே மும்பையில் நிலத்தைப் பற்றிப் பேசும்போது, பாதி வேளை கடலைப் பற்றியே பேசுகிறோம்.

ஹார்னிமன் வட்டத்துக்கு எதிரே 1833-இல் கட்டி முடிக்கப்பட்ட டவுன் ஹால் நிற்கிறது. அகன்ற வெண்படிகளில் மாணவர்கள் அமர்ந்து படித்துக் கொண்டிருந்தனர். அதன் எதிரே ஆலமரங்களின் நிழலில்தான் 1850-களில் பங்குத் தரகர்கள் கூடி வணிகம் செய்தனர். அந்தக் கூட்டமே பின்னர் 1875-இல் சங்கமாக அமைந்து பம்பாய்ப் பங்குச்சந்தையாக வளர்ந்தது. வங்கி இதழின் வாசகர்களுக்கு இந்த இடத்தில் சற்று நின்று செல்லுமாறு பரிந்துரைப்பேன். இங்கே நடந்த ஒரு கதை எங்கள் பயணத்தின் கேள்வியோடும் தொடர்புடையது.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. இந்தியப் பருத்திக்குக் கேட்ட விலை கிடைத்தது. பம்பாயில் பணம் வெள்ளமெனப் புகுந்தது. அந்தப் பணத்துக்குப் போக்கிடம் வேண்டுமே! கம்பெனிகள் முளைத்தன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது பேக் பே கடல்தூர்ப்புக் கம்பெனி. கடலைத் தூர்த்து அங்கே தோன்றப்போகும் மனைகளின்மேல் மக்கள் பங்கு வாங்கினர். 5,000 ரூபாய்ப் பங்கு அதைப்போலப் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. நிலமோ இன்னும் நீருக்கு அடியில் இருந்தது. 1865-இல் போர் முடிந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது, பங்குகள் காகிதமாயின. பங்குகளை ஈடாக வைத்துக் கடன் கொடுத்திருந்த பம்பாய் வங்கியும் அதில் நொடித்து, 1868-இல் மூடப்பட்டது. அதே பெயரில் புதிய வங்கி ஒன்று அவ்வாண்டே எழுந்தது. அது 1921-இல் வங்காள வங்கியுடனும் சென்னை வங்கியுடனும் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று.

அந்தப் பித்தின் தலைவர் என்று கருதப்பட்ட பிரேம்சந்த் ராய்சந்தும் செல்வத்தை இழந்தார். ஆனால் வீழ்ச்சிக்கு முன் அவர் அளித்த நன்கொடையால் எழுந்த, தம் தாயின் பெயர் தாங்கிய ராஜாபாய் கடிகாரக் கோபுரம் பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஓவல் மைதானத்தின் வேலியோரம் நின்று அதைப் பார்த்தோம். மைதானத்தின் ஒரு பக்கம் விக்டோரியா காலத்துக் கோத்திக் கட்டடங்கள். எதிர்ப்பக்கம் வளைந்த மூலைகளும் வெளிர் நிறங்களும் கொண்ட ஆர்ட் டெக்கோ அடுக்குவீடுகள். இரண்டையும் சேர்த்து 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. நடுவே பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் ஒரே நேரத்தில். எந்தப் பந்து எந்த ஆட்டத்தைச் சேர்ந்தது என்பதை ஆடுவோர் எப்படி அறிகிறார்கள் என்பது எனக்கு இறுதிவரை விளங்கவில்லை.

மாலையில் மகள் அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தாள். மூவரும் மெரைன் டிரைவில் நடந்தோம். கடலை அணைத்து வளையும் இந்தச் சாலையில் விளக்குகள் ஏற்றப்பட்டதும் மலபார் குன்றிலிருந்து பார்ப்போருக்கு முத்துமாலையாகத் தெரியும். ‘ராணியின் கழுத்தணி’ என்ற பெயர் அதனால் வந்தது. முத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு முத்து இங்கேதான் கிடைத்தது என்று மனைவி சிரித்தார். 1860-களில் தோற்ற கடல்தூர்ப்பு, 1920-களில் அரசாங்கத் திட்டமாக மீண்டும் எழுந்து, செலவிலும் முறைகேட்டிலும் பெயர் கெட்டு, ஒருவாறு பாதியில் நின்றது. அதன் குறைகளை அஞ்சாமல் வெளிப்படுத்திய வழக்கறிஞர் குர்ஷெத் நாரிமன். பின்னாளில் அதே கடலைத் தூர்த்து உருவான அலுவலகக் காட்டுக்கு நாரிமன் பாயிண்ட் என்று பெயர் சூட்டினர். அவர் என்ன நினைத்திருப்பாரோ!

கடற்சுவரில் அமர இடம் தேடவேண்டியிருந்தது. அத்தனை கூட்டம். எங்களுக்கு வலப்புறம் ஒரு குடும்பம் சுண்டல் பகிர்ந்துகொண்டிருந்தது. இடப்புறம் இரு இளைஞர்கள் மௌனமாக அலைகளைப் பார்த்திருந்தனர். எதிரேயுள்ள அடுக்குவீடுகளில் கோடிகள் கொடுத்தோர் காணும் அதே கடல், அதே காற்று. இந்தச் சுவருக்குக் கட்டணமில்லை.

“இதற்காகத்தான் அப்பா, இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை” என்றாள் மகள்.

சனிக்கிழமை காலை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து ஹார்பர் தடத்து ரயிலில் செம்பூர் சென்றோம். 1887-இல் விக்டோரியா டெர்மினஸ் என்ற பெயரில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தைக் கட்டடக் கலைக்காகப் பார்க்க வருவோர் பலர். அதன் முகப்பில் செதுக்கப்பட்ட மயிலையும் குரங்கையும் நிமிர்ந்து பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குவது நலம். நெரிசல் நேரத்தில் நிமிர முடியாது.

செம்பூர் தமிழர்கள் நிறைந்த பகுதி. செடா நகர் முருகன் கோயிலில் வழிபட்ட பின் வீட்டைக் காணச் சென்றோம். தில்லியில் மலை மந்திரில் முருகனை வணங்கிப் பழகிய மனைவிக்கு அதுவே நல்ல சகுனமாகப்பட்டது. வீடு நான்காம் மாடியில். தரகர் அறுநூற்றைம்பது சதுர அடி என்றார். மகள், “கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?” என்று கேட்டாள். நானூறு. சுவர்களுக்குள் நாம் உண்மையில் கால்வைத்து நடக்கும் அந்தப் பரப்பின் அடிப்படையில்தான் புதிய வீடுகளை விற்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது. ஆனாலும் வாய்ப்பேச்சில் பழைய கணக்கே முந்திக்கொள்கிறது. சமையலறையில் இருவர் நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவர் திரும்பலாம். ஆனால் நல்ல வெளிச்சம். சன்னலுக்கு வெளியே ஒரு பெரிய அரசமரம். மகள் அந்தச் சன்னலின் அருகிலேயே நெடுநேரம் நின்றாள்.

விலை ஒரு கோடியே இருபது லட்சம். கீழே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடனில், வீட்டு மதிப்பின் 75 விழுக்காடு வரையே வங்கிகள் கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, கடன் 90 லட்சம். கையிலிருந்து 30 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேரா. அவற்றுக்குத் தனியே பணம் வேண்டும். மும்பையில் முத்திரைத் தீர்வை ஆறு விழுக்காடு. பெண் பெயரில் வாங்கினால் ஒரு விழுக்காடு சலுகை. அப்படியும் ஆறு லட்சம். பதிவுக் கட்டணம் 30,000. கடனுக்கு எட்டு விழுக்காடு வட்டி, இருபது ஆண்டுகள் என்று கொண்டால் மாதத் தவணை 75,000 ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. அதே கட்டடத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 38,000 என்று காவலாளி சொன்னார். தரகர் இதைச் சொல்லவில்லை.

என் வைப்புத்தொகை முழுவதையும் எடுத்தால் முன்பணம் சரியாகிவிடும். எண்கள் அத்தனை அழகாகப் பொருந்தியதே எனக்கு அச்சமூட்டியது.

இந்த ஊரில் கூரைக்கு ஏன் இந்த விலை என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நகரம் வடக்கே மட்டுமே வளர முடியும் என்பது ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வாடகையை அப்படியே நிறுத்தி வைத்த 1947-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மற்றொன்று. ஏழைக் குடும்பங்களைத் தெருவுக்குத் தள்ளாமல் காத்தது அச்சட்டம். அதே வேளையில் வாடகைக்கு வீடு கட்டும் ஊக்கத்தையும், இருப்பதைப் பழுதுபார்க்கும் ஊக்கத்தையும் குறைத்தது. ‘பகடி’ என்னும் பெருந்தொகையை முதலில் கொடுத்துவிட்டு, மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் தலைமுறைகள் வாழும் குடும்பங்கள் இன்றும் தென்மும்பையில் உண்டு. மோதி பாக்கில் உரிமக் கட்டணத்தில் வாழும் நான் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட இடமில்லை.

குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்கா வந்தபோது பசி கண்ணை இருட்டியது. 1942-இல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் நிலையத்தின் அருகிலேயே உள்ளது. வரிசையில் நின்று வாழையிலையில் உண்டோம். பரிமாறுபவர் தமிழிலேயே “இன்னும் கொஞ்சம் ரசம்?” என்று கேட்டார். 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்க நகரமேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு அமைத்த பகுதிகளுள் மாட்டுங்காவும் ஒன்று. தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று ரயிலேறிய இளைஞர்கள் இங்கே குடியமர்ந்தனர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் சற்று அப்பால், சதுப்பு நிலமாக இருந்த தாராவியில் குடிசை போட்டனர். இரு சாராரும் தமிழர்களே. ஒருவருக்குத் திட்டமிட்ட தெரு கிடைத்தது. மற்றவர் தம் தெருவைத் தாமே தூர்த்து உண்டாக்கிக்கொண்டனர். கறிவேப்பிலையும் மல்லிகையும் விற்கும் மாட்டுங்காச் சந்தையில் நின்றபோது, வந்தவர்களில் எத்தனை பேர் முதல் பத்து ஆண்டுகளில் சொந்த வீடு வாங்கியிருப்பார்கள் என்று மகள் கேட்டாள். ஒருவரும் இல்லை என்றே நினைக்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எலிஃபண்டா. கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரம். திங்கட்கிழமைகளில் குகைகள் மூடியிருக்கும் என்பதைப் பயணத் திட்டம் வகுப்போர் நினைவில் கொள்ள வேண்டும்; மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகள் நின்றுவிடும். குளிர்காலத்தில் வெண்ணிறக் கடற்காகங்கள் படகோடு பறந்து வந்து, நீட்டும் கையிலிருந்தே தின்பண்டத்தைக் கவ்விச் செல்கின்றன. மனைவி ஒரு பொட்டலம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்தார்.

படகுத்துறையிலிருந்து கடைகள் நிறைந்த படிகளில் ஏறினால் முதற்குகை. நுழைவுக் கட்டணம் 40 ரூபாய். வெயிலிலிருந்து உள்ளே சென்றதும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பின்னர் மெல்ல, தென்சுவரின் இருளிலிருந்து மூன்று முகங்களுடன் சதாசிவர் வெளிப்பட்டார். ஏறக்குறைய இருபது அடி உயரம். ஒரு முகத்தில் சினம். ஒரு முகத்தில் மென்மை. நடுமுகத்தின் கண்கள் மூடியுள்ளன. கேள்வியோடு வந்து நிற்பவரை அந்த மூடிய கண்கள் அவசரப்படுத்துவதில்லை. ஆறாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்தோர் யார் என்பதற்குக் கல்வெட்டு எதுவும் அங்கே இல்லை. இந்தத் தீவுக்குப் பெயர் தந்த கல்யானையும் இப்போது தீவில் இல்லை. பைகுல்லாவிலுள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது.

திரும்பும் படகில் மகளின் கைப்பேசி ஒலித்தது. தரகர். வேறொருவர் டோக்கனுடன் காத்திருப்பதாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். முந்தைய இரவு விடுதி அறையில் நானும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்: அவள் கேட்டால் கொடுப்பது, நாமாக அழுத்திச் சொல்வதில்லை. ஆகவே நான் தலையசைத்தேன். அவள் சிறிது நேரம் தூரத்தில் தெரிந்த நகரத்தின் கோபுரங்களைப் பார்த்தாள். பிறகு, “அவருக்கே கொடுத்துவிடுங்கள், இப்போது எங்களால் இயலாது” என்று இந்தியில் கூறி வைத்தாள்.

“அரசமரம் நன்றாக இருந்தது” என்றார் மனைவி.

“ஆமாம் அம்மா. அதே கட்டடத்தில் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது என்றாரே அந்தக் காவலாளி, அவருடைய எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.”

மும்பை சென்ட்ரலில் மாலை ரயில் ஏறினோம். மூன்று நாள் செலவில் பாதிக்கு மேல் அறைக்கே போனது. அதைச் சொன்னபோது நடைமேடையில் நின்ற மகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஹோலிக்கு என்னுடன் இருப்பவர்கள் ஊருக்குப் போகிறார்கள். அப்போது வாருங்கள், அறை எடுக்க வேண்டாம்” என்றாள். ரயில் போரிவலியைத் தாண்டுவதற்குள் மனைவி மார்ச் மாதத்துக்கான இருக்கைகளைத் தேடத் தொடங்கிவிட்டார்.